சீமாட்டி சாம்பல் மாட்டிய காரணம்

அந்தக் காமிக்ஸ் புத்தகத்தின் அட்டையில், தேய்ப்புப் பெட்டியின் மூக்கு பட்டுக் கருகிய தடம் ஒன்று இருக்கிறது. சரியாகச் சீமாட்டி சாம்பலின் மேலங்கி முடியும் இடத்தில். தெரியாதவர்கள் அதையும் ஓவியர் வரைந்ததாகவே நினைப்பார்கள். மேலங்கியின் ஓரம் புகைவது போல அத்தனை பொருத்தமாக விழுந்திருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் தென்காசியில் எந்தக் காகிதமும் காகிதமாக இருப்பதில்லை. சாரல் வீட்டுக்குள் வந்து விழக்கூட வேண்டாம், அதன் காற்றே போதும். பழைய தாள்கள் மெத்தென்று ஆகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிரித்தால் ஒரு பக்கத்தின் வசனம் அடுத்த பக்கத்து முகத்தோடு போய்விடும். அதனால் மதினி, தாளுக்குத் தாள் நடுவில் செய்தித்தாள் துண்டு வைத்து, சூட்டைக் குறைத்து, காமிக்ஸ்களைத் தேய்ப்பாள். பள்ளிச் சீருடை, மாமாவின் வேட்டி, அதற்கடுத்து காமிக்ஸ். அது அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வரிசை.

மதினி என் அத்தையின் மகள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அத்தை வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை என்பதால், என் ஒன்பது வயது வரை எது யார் வீடு என்று எனக்குத் தனியாகத் தோன்றியதில்லை. புத்தகங்கள் எல்லாம் பழைய பேப்பர் கடையில் எடுத்தவை. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு அச்சானவை. கடைக்கார அண்ணாச்சி கட்டுக்களைப் பிரித்துப் போடும்போது மதினி குனிந்து தேடுவாள். ஆண்கள் மட்டும் சண்டை போடும் புத்தகங்களை அவள் தொடவே மாட்டாள். அட்டையில் ஒரு பெண்ணாவது பறக்க வேண்டும், அல்லது சிரிக்க வேண்டும். பறப்பவள் நாயகி, சிரிப்பவள் வில்லி. அட்டையை வைத்தே பிரித்துவிடலாம்.

எங்களுக்குப் பிடித்த வரிசையில் நாயகி நீலத் தாரகை, வில்லி சீமாட்டி சாம்பல். தாரகை பகலில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்வாள். யாராவது அலறினால் மாடிப்படிக்கு அடியில் போய் உடை மாற்றிக்கொண்டு பறப்பாள். சீமாட்டிக்கு அலுவலகம் கிடையாது. கடல் நடுவே தனித் தீவு, அதில் ஓர் ஆய்வுக்கூடம், சன்னல் இல்லாத ஒரு கோபுரம். பிடிக்க வந்தால் சாம்பலாகிக் காற்றில் கலந்துவிடுவாள். விளையாடும்போது நான் எப்போதும் தாரகை, மதினி எப்போதும் சீமாட்டி. துப்பட்டாவைக் கழுத்தில் முடிந்து பின்னால் தொங்கவிட்டால் மேலங்கி.

"நீங்க ஏன் எப்பவும் வில்லி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தாரகைய நல்லாப் பாருட்டி. பகல்ல டைப்படிக்கா, சாயங்காலம் பறக்கா, நடுவுல வீட்டுக்குப் போயி அவ அண்ணனுக்குச் சோறு வேற பொங்குதா. ஒரு நாள் லீவு உண்டா? சீமாட்டி தீவுல அடுக்களய எங்கயாவது வரஞ்சிருக்கானா, காட்டு பாப்போம்."

நான் எல்லாப் புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தேன். அடுக்களை இல்லை.

பட்டியல் போடும் பழக்கம் எனக்கு அவளிடமிருந்து வந்தது. மாமாவுக்கு யாரோ கொடுத்த ஒரு நாட்குறிப்பில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தோம். பெயர், சக்தி, பலவீனம், முதலில் வந்த புத்தகம். தாரகையின் பலவீனம் வெள்ளி உலோகம் என்று நான் எழுதியிருந்தேன். அதன் பக்கத்திலேயே மதினி, 'யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள்' என்று சேர்த்திருந்தாள். வில்லிகளுக்கு மட்டும் அவள் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டாள். 'மாட்டிய காரணம்.' பனிக்கட்டி ராணி, பாம்பு வளர்த்த விஞ்ஞானி, சர்க்கஸ் முதலாளியம்மா என்று ஐம்பத்து மூன்று வில்லிகள். அதில் நாற்பத்தேழு பேருக்கு அந்தக் கட்டத்தில் ஒரே பதில்: 'திட்டத்தைத் தானே சொன்னாள்.' மற்ற ஆறு பேரில் இருவர் காதலித்தார்கள், ஒருத்தி வழுக்கி விழுந்தாள், மூவர் கதையில் கடைசிப் பக்கம் கிழிந்திருந்ததால் தெரியவில்லை.

"எவ்வளவு மூள இருக்கு, ஏவுகணையே செஞ்சிருக்கா. வாய மூடிட்டு இருக்கத் தெரியுதா பாரு," என்று ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வாள். நான் இப்போது சென்னையில் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எந்தப் பிழைக்கும் மூல காரணம் என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்பும்போதெல்லாம் அவள் கையெழுத்துதான் முதலில் கண்ணில் வரும்.

அந்த வருடம் அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விடிகாலையில் என்னை எழுப்பி, சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, குற்றாலம் போகும் சாலையில் மேலகரம் தாண்டி ஆள் இல்லாத ஒரு துண்டுக்குக் கூட்டிப்போவாள். ஒரு மைல்கல்லிலிருந்து ஒரு புளியமரம் வரை, திரும்பவும் மைல்கல் வரை. துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவாள். என் கையில் மாமாவின் பழைய கடிகாரம். விநாடிகளைச் சொல்லி, நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதுவது என் வேலை. கல்லூரி விளையாட்டுப் போட்டிக்கு என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் ஓடிவரும்போது மலையில் மேகம் பாதி இறங்கியிருக்கும். முகத்தில் சாரலும் வியர்வையும் பிரித்தறிய முடியாமல் வழியும். "எத்தனட்டி?" என்று மூச்சு வாங்கக் கேட்பாள். குறைந்திருந்தால் என்னை ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவாள்.

ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீமாட்டியின் அந்தப் புத்தகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஒரு விஷயம் சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லக்கூடாது."

போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதித் தேறிவிட்டாளாம். அழைப்புக் கடிதம் தோழியின் முகவரிக்கு வந்திருந்தது. மறுநாள் காலை திருநெல்வேலி மைதானத்தில் ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல். வீட்டில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதாகச் சொல்லப்போகிறாள். அவளுடைய அண்ணன் ஏற்கெனவே போலீஸ்காரர். அதில் மாமாவுக்கு அளவில்லாத பெருமை. ஆனால் மதினி ஒருமுறை பேச்செடுத்தபோது, "வீட்டுக்கு ஒரு காக்கி போதும்," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். தேறிவிட்டால் பிறகு அவரால் என்ன செய்ய முடியும் என்பது அவள் கணக்கு. சொல்லிக்கொண்டே பெட்டியை ஒரு நொடி கூடுதலாக வைத்துவிட்டாள். மேலங்கி கருகியது அப்போதுதான்.

மறுநாள் எங்கள் பள்ளிக்கு விடுமுறை. ஐந்து மணிக்கு அத்தை கொடுத்த எண்ணெய்க் குப்பியையும் சீயக்காய்ப் பொட்டலத்தையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மதினி கிளம்பினாள். மாற்றுத்துணிக்கு அடியில் இரவல் வாங்கிய கேன்வாஸ் ஷூ இருந்தது எனக்கு மட்டும் தெரியும். ஏழரை மணிக்குப் பால்காரர் வந்தார். பேரருவியில் திடீர் வெள்ளம், பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, எல்லாரையும் விரட்டுகிறார்கள் என்றார்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ எம்புள்ள அங்கன போயிருக்காளே," என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மாமா சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். வண்டிச் சாவி கையில் இருக்கும்போதே சாவியைத் தேடினார். அவர் பயந்து நான் பார்த்ததே கிடையாது. நான் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பொறுத்தேன். எவ்வளவு நேரம் என்று இப்போது சொல்ல முடியவில்லை. அன்று கடிகாரம் என் கையில் இல்லை.

"மதினி குத்தாலத்துல இல்ல மாமா," என்றேன்.

அத்தையின் அழுகையை நிறுத்தத்தான் சொன்னேன். பல வருடங்கள் எனக்கு நானே இதைச் சொல்லிக்கொண்டேன், அது உண்மையும்கூட. ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது. இரண்டு பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபோது, கடைசிப் பக்கத்தில் உண்மையைச் சொல்லி எல்லாரையும் காப்பாற்றும் தாரகையைப் போல என் நெஞ்சு சற்று நிமிர்ந்தது. அதையும் எழுதாவிட்டால் கட்டம் முழுதாக நிரம்பாது.

மாமா திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதினி சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, நெஞ்சில் எண் குத்தி, ஓட்டத்துக்கான வரிசையில் நின்றிருந்தாள். மாமா சத்தம் போடவில்லை. கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பார்த்தாள், எண்ணைக் கழற்றிக் கொடுத்தாள், வெளியே வந்தாள். வரும் வழியில் ஆலங்குளத்தில் இறங்கி அவளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தாராம். இதெல்லாம் அத்தை பின்னால் சொல்லித் தெரிந்தது. அத்தனை நாள் நான் விநாடி எண்ணிய அந்த ஓட்டத்தை அவள் ஓடவேயில்லை.

என்னை அவள் திட்டியிருக்கலாம். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் காமிக்ஸ் பெட்டியையும் நாட்குறிப்பையும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்தாள். "நீயே வச்சுக்க," என்றாள். நான் அழ ஆரம்பித்ததும் என் தலையில் கைவைத்து, "நீ தாரகைல்லா. வேற என்ன செய்வ," என்றாள். அவ்வளவுதான். தை மாதம் அவளைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்தார்கள்.

நல்ல இடம். அவர் நல்லவர். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பதினெட்டு வருடமாக அவள் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறாள். போனில் கேட்பவை எனக்கு வரிசையாகத் தெரியும்: சாப்பிட்டியா, சென்னையில் மழை உண்டா, லீவு எப்போ. ஆனால் அவள் தபாலில் பட்டம் முடித்தது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது, தையல் பிரித்த பிறகு தெரியும். ஊருக்கே தெரிந்தது எனக்கும் தெரியும். அதற்கு ஒரு நாள் முன்னால் எதுவும் தெரியாது. நான் ஏங்கியது அந்த ஒரு நாளுக்குத்தான். காமிக்ஸ் பெட்டியைத் திறந்து, தேய்ப்புச் சூட்டில் தாள் உலரும் வாசனை இன்னும் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பேன். பூஞ்சை வாசனைதான் வரும்.

இந்த ஆடியில் நான் விடுப்பில் வந்திருந்தபோது அவளும் அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். "ஏட்டி, ஐந்தருவிக்குப் போவமா? கூட்டமாத்தான் இருக்கும், இருந்தா என்ன," என்றாள். கருகிய அட்டைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்பதற்கு அது ஒரு தொடக்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பெண்கள் பக்கத்து வரிசை நகரவே இல்லை. எண்ணெய் தேய்த்த தலைகள், ஈரச் சேலைகள், யாரோ ஒரு ஆச்சியின் அதட்டல். அருவிக்குப் பக்கத்தில் ஒரு பெண் காவலர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு விசில் ஊதினாள். "யக்கா, குடும்பக் கதையெல்லாம் வெளிய போயிப் பேசுங்க. அடுத்த ஆளுக்கு வழி விடுங்க." வயது இருபது இருக்கும். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. மதினி நன்றாகவே பார்த்தாள்.

"அவ ஷூவப் பாரு. உள்ள ஒரு அருவியே ஓடும் போல. கால் ஊறிப்போயிரும், பாவம்," என்றாள்.

"மதினி, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"ஒனக்கு அப்ப ஒம்பது வயசுட்டி."

"இருந்தாலும்..."

"லிஸ்ட் போட்டது யாரு? நாந்தான. நாப்பத்தேழு பேருக்கு எங்கையால எழுதிட்டு, நேராப் போயி ஒங்கிட்ட சொல்லிருக்கேன் பாரு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்ற இடத்திலிருந்தே பேசினாள். "ஆனா யார்ட்டயாவது சொல்லணும்லா. அவ்வளவு பெருசா ஒண்ண வச்சிக்கிட்டு, தீவுல ஒத்தையில எப்படி இருக்க முடியும்?"

ஐம்பத்து மூன்று கதைகளையும் நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அவர்கள் ஏன் சொன்னார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

எங்கள் முறை வந்தது. தண்ணீர் தலையில் இறங்கியதும் வேறு எதுவும் கேட்கவில்லை. அவள் என் தோளைப் பிடித்து இழுத்து, காதோடு வாயை வைத்துக் கத்தினாள்.

"ஒரு விஷயம் சொல்லுதேன். யார்ட்டயும் சொல்லக்கூடாது."

சொன்னாள். அருவிச் சத்தத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நான் தலையை ஆட்டினேன். காவலர் விசில் ஊதினாள், வெளியே வந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், உறையையும் மீறிப் புத்தகத்தில் ஈரம் ஏறியிருந்தது. அத்தை வீட்டுத் தேய்ப்புப் பெட்டியை எடுத்துச் சூட்டைக் குறைத்து, தாளுக்குத் தாள் செய்தித்தாள் துண்டு வைத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். மதினி அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை வந்து என் பக்கத்தில் நின்றாள். எழுபதை நெருங்கிவிட்டாலும் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"குத்தாலத்துல இருந்து வந்ததுலேருந்து ரெண்டு பேர் முகமும் சரியில்லயே. என்னட்டி பேசுனிய அங்கன?"

அட்டைக்கு வந்திருந்தேன். கருகிய தடத்தின் மேல் பெட்டியின் மூக்கு சரியாகப் பொருந்தியது. ஒரு நொடிகூடக் கூடுதலாக வைக்காமல் எடுத்துவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல அத்த. ஒரே கூட்டம்," என்றேன்.