ஈத்தரின் வாடிக்கைக்காரர்கள்

காசாபிளாங்காவில் எங்கள் தெருமுனையில் இருக்கிறது ஹம்முவின் மளிகைக் கடை. உள்ளே ஒருவன் நிற்கலாம். இரண்டு பேர் நின்றால் ஒருவன் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அண்ணனும் தம்பியும் அங்கே சேர்ந்து நின்று யாரும் அதிகம் பார்த்ததில்லை. ஹம்மு கடையில் இருந்தால் தம்பி ஈத்தர் தெற்கே மலையில், சொந்த ஊரில் இருப்பான். சில மாதங்கள் போனதும் மாற்றிக்கொள்வார்கள். மலைக்காரர்கள் நடத்தும் கடைகள் எல்லாம் அப்படித்தான். மனைவிகள் மலையில். குழந்தைகள் மலையில். வருமானம் தெருமுனையில்.

வருகிறவனும் போகிறவனும் ஒரே ஒரு மாலை சேர்ந்திருப்பார்கள். ஒருவன் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருப்பான். மற்றவன் தெருவை ஒப்படைப்பான். சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை, மீதியெல்லாம் ஆட்களைப் பற்றி.

"மூணாம் மாடிக்காரி மறுபடி உண்டாயிருக்கா. பால் ரெண்டா எடுத்து வை. கேக்காதே, எடுத்து வை" என்பான் ஈத்தர். "மிலூதி வாத்தியார் சிகரெட்டை விட்டுட்டேன்னு பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கார். வந்தா ரொட்டியைக் கீறி உள்ள வச்சுக் குடு."

"லல்லா தாமு?"

"புதினாவைத் திட்டுவாங்க. திட்டட்டும். திட்டலேன்னா உடம்பு சரியில்லன்னு அர்த்தம். யாரையாவது மாடிக்கு அனுப்பிப் பாரு."

ஹம்மு தலையாட்டுவான். எல்லாம் நினைவில் இருக்கும். பால் இரண்டு எடுத்து வைப்பான், ரொட்டியைக் கீறுவான். ஆனால் பேச மாட்டான். ஈத்தர் கடையில் இருக்கும் மாதங்களில் காலையில் பட்டாணி வாங்கப் போன பெண்கள் பதினோரு மணிக்குத்தான் அடுப்படிக்குத் திரும்பினார்கள். ஹம்முவின் மாதங்களில் வாங்கினார்கள், போனார்கள். இரண்டு பேரும் ஒரே எடைதான் போட்டார்கள். ஆனாலும் ஈத்தர் நிறுத்தால் எடை கூடுதலாக நிற்கிறது என்று தெருவில் பேச்சு.

பாதாம் பறிக்கும் நாட்களில் ஒரு காலை ஊரிலிருந்து போன் வந்தது. சித்தப்பா மகன் பேசினான். ஈத்தர் மரத்தடியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. நெஞ்சு.

ஹம்மு அப்போது ஒரு பெண்ணுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான்.

"அடக்கம் எப்போ?" என்று மலை மொழியில் கேட்டான். அந்தப் பெண்ணுக்கு அது புரியாது.

"அஸர் தொழுகைக்கு முன்னாடி. வெயில் ஜாஸ்தி. வச்சிருக்க முடியாது."

மலைக்குப் போகும் பேருந்து சாயங்காலம்தான் புறப்படும். விடிந்த பிறகுதான் போய்ச் சேரும். ஹம்மு "சரி" என்றான். போனை வைத்தான். தராசுத் தட்டில் பருப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. எடுத்துக் குறைத்தான்.

கடையை மூடவில்லை. ஷட்டரை ஒருநாள் இழுத்திருந்தால் மாலைக்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும். இழவு விழுந்தால் மட்டும்தான் அந்த ஷட்டர் பகலில் இறங்கும். அவன் இறக்கவில்லை. அடுத்து ஒருத்தர் முட்டை கேட்டார், கொடுத்தான். அதற்கடுத்தவர் கேஸ் சிலிண்டர் கேட்டார். மாலையில் மிலூதி வாத்தியார் ரொட்டிக்கு வந்தார். யாரையும் 'சி' போட்டு மரியாதையாகக் கூப்பிடுகிறவர்.

"தம்பி எப்படி இருக்கான் சி ஹம்மு? பாதாம் பறிப்பு ஆச்சா?"

"நல்லா இருக்கான்" என்றான் ஹம்மு.

அதைச் சொன்னபின் மாற்றிச் சொல்ல வழியில்லை. மறுநாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் அது இன்னும் கடினம். பிறகு அவன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. சாப்பிட்டான். கடைக்குள்ளேயே மேலே இருந்த பலகைத் தட்டில் ஏறிப் படுத்தான். தூக்கமும் வந்தது.

அந்த வேனில் முடியும்போதுதான் பெரிய சாலையில் புதுக் கடை திறந்தார்கள். தானாகத் திறக்கும் கதவு, உள்ளே குளிர்ச்சி. வாங்குகிறவர்களுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதில் புள்ளிகள் ஏறும், புள்ளிகள் சேர்ந்தால் எண்ணெய் பாட்டில் கிடைக்கும். எங்கள் தெருக்காரர்கள் அங்கே வாங்கிவிட்டு, ஹம்முவின் கண்ணில் படாமல் இருக்கப் பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கடையின் பச்சைப் பைகளை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டார்கள். ஹம்மு எல்லோரையும் பார்த்தான். அவன் கடை நின்றுபோனால் மலையில் இரண்டு வீடுகளில் அடுப்பு எரியாது. ஒன்று அவனுடையது. மற்றதில் ஈத்தரின் மனைவியும் நான்கு பிள்ளைகளும்.

லல்லா தாமு மட்டும் அட்டை வாங்கவில்லை. கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்தவர். இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். ஒருநாள் புதினாக் கட்டை விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இதென்ன, கல்லறையிலிருந்து பிடுங்கினதா?"

ஈத்தர் என்ன சொல்லியிருப்பான் என்று ஹம்முவுக்குத் தெரியும். பல வருடங்களாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஹம்மு அதைச் சொன்னான்.

"புதினா நல்லாத்தான் இருக்கு லல்லா. நீங்கதான் முறைச்சுப் பாத்தே வாட வச்சிட்டீங்க."

லல்லா தாமு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு என்ன ஆச்சு? வயசுக்கு மரியாதை இல்லாமப் பேசறே?"

"தம்பி சொல்லுவானே."

"அவன் சொல்லுவான். நீ சொல்லாதே. ஜோசியக்காரன் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு. நான் இங்க வர்றதே அவனுக்காகத்தான். எப்ப வர்றான்?"

"வருவான்."

"பெருநாளுக்கா?"

"ம்."

அன்றிலிருந்து எல்லோரும் பெருநாளுக்குக் காத்திருந்தார்கள். மூணாம் மாடிக்காரி பிள்ளை பெற்றிருந்தாள். ஈத்தர் வந்தால் காட்ட வேண்டும் என்றாள். புதுக் கடைக்குப் போனவர்கள்கூட, ஈத்தர் வந்ததும் திரும்பிவிடுவோம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஹம்மு அதையும் கேட்டான். இறந்தவனின் பெயரில் கடை கொஞ்சம் நடந்தது.

பெருநாள் வந்து போனது. ஆட்டுத்தோல்கள் மொட்டை மாடிகளில் காய்ந்தன. ஹம்மு ஊருக்குப் போகவில்லை, ஈத்தர் வரவில்லை. அதற்கப்புறம்தான் வாடிக்கை அடியோடு நின்றது. ஒரு காலை முழுவதும் பாலுக்குக்கூட ஆள் இல்லை. இப்போது யாரும் பள்ளிவாசலைச் சுற்றிப் போகவில்லை. பச்சைப் பையை வீசிக்கொண்டு கடை முன்னாலேயே நடந்தார்கள். லல்லா தாமுவின் கையிலும் ஒன்று இருந்தது. அவர் கடைப் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்துவிட்டுப் போனார்.

முதல் மழை பெய்த அன்று மிலூதி வாத்தியார் வந்தார். தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, "ஒரு ரொட்டி" என்றார்.

ஹம்மு கத்தியை எடுத்தான்.

"சி ஹம்மு, நான் சொன்னேன்னு சொல்லாதே. நீ பண்ணது சரியில்ல."

"என்ன பண்ணேன்?"

"கூடப் பிறந்தவன். பாதிக் கடை அவனோடது. துரத்திட்டியே. இனிமே வராதேன்னு சொல்லிட்டியாமே."

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. பெருநாளுக்குக்கூட வரலேன்னா வேற என்ன அர்த்தம்? ஈத்தருக்கு நியாயம் கிடைக்கிற வரைக்கும் உன்கிட்ட ஒரு தீப்பெட்டி வாங்கக் கூடாதுன்னு லல்லா தாமு மாடி மாடியா ஏறிச் சொல்லியிருக்காங்க. முட்டி வலியோட."

"நீங்க வந்திருக்கீங்களே."

"அந்தக் கடையில ரொட்டிக்குள்ள வச்சுத் தர மாட்டான்" என்றார் வாத்தியார்.

ஹம்மு ரொட்டியைக் கீறினான். சிகரெட்டுகளை உள்ளே தள்ளினான். காகிதத்தில் சுற்றினான்.

"ஈத்தர் செத்துட்டான்" என்றான்.

வாத்தியார் நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார்.

"எப்போ?"

"பாதாம் பறிக்கும்போது."

"அது வெயில் காலத்துலயா? இப்ப மழையே வந்தாச்சேய்யா!"

"ஆமா."

"நீ அன்னிக்கு நல்லா இருக்கான்னு சொன்னே. எங்கிட்டதான் சொன்னே."

"அன்னிக்குத்தான் செத்தான்."

வாத்தியார் ரொட்டியை வாங்காமலே போய்விட்டார். ஹம்மு அதைப் பலகையின் ஓரத்தில் நகர்த்தி வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் லல்லா தாமு வந்தார். வீட்டுச் செருப்போடு, தலையில் மழைக்கு ஒரு துணியைப் போட்டுக்கொண்டு. கடை முன்னால் நின்று அவனையே பார்த்தார். திட்டுவார் என்று ஹம்மு காத்திருந்தான்.

"ஒரு சர்க்கரைக் கூம்பு குடு" என்றார்.

இழவு வீட்டுக்கு எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. நீலக் காகிதம் சுற்றிய சர்க்கரைக் கூம்பு ஒன்றாவது கொண்டுபோக வேண்டும். ஹம்மு மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, தூசி தட்டி, பலகையில் வைத்தான். அவர் பணம் கொடுத்தார். அவன் மிச்சம் கொடுத்தான். அவர் கூம்பை அவன் பக்கமாகத் தள்ளினார்.

"அல்லாஹ் உனக்குப் பொறுமையக் குடுக்கட்டும்."

ஹம்மு பதில் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னான். கூம்பை எடுத்து மறுபடி மேல்தட்டில் வைத்தான். வேறு இடமில்லை.

அடுத்து மூணாம் மாடிக்காரி கைக்குழந்தையோடு வந்தாள். அவளும் கூம்பு கேட்டாள். அவன் அதே கூம்பை எடுத்துக் கொடுத்தான். அவளும் பணம் கொடுத்துவிட்டு அதை அவனிடமே கொடுத்தாள். இப்படியே ஒருத்தர் பின் ஒருத்தராக மழையில் நின்றார்கள். மேல்தட்டில் கூம்பு குறையவுமில்லை, கூடவுமில்லை. மிலூதி வாத்தியார் மட்டும் கையில் ஒன்றோடு வந்தார். பதற்றத்தில் நேரே பெரிய சாலைக்கு ஓடியிருந்தார். நீலக் காகிதத்தில் புதுக் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. ஹம்மு அதையும் வாங்கி வைத்தான்.

லல்லா தாமு போகவில்லை.

"ஷட்டரை இழு" என்றார்.

"எதுக்கு?"

"மூணு நாள் மூடு. பஸ் ஏறி மலைக்குப் போ. அவன் தலைமாட்டுல போய் உக்காரு."

"மூடினா எல்லாரும் அங்க போய்ப் பழகிடுவாங்க லல்லா."

"பழகறவன் பழகட்டும். இழுடா."

அவன் இழுத்தான். பகலில் அந்தச் சத்தம் தெருவுக்குப் பெரிதாகக் கேட்டது.

மலையில் என்ன நடந்தது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி வந்த காலை, ரொட்டித் தட்டுகளை உள்ளே இழுத்து வைத்தான். புதினாக் கட்டுகளை வாளியில் நிறுத்தினான். எல்லோரும் திரும்பி வரவில்லை. எதிர்வீட்டுக்காரன் பச்சைப் பையோடு போனான், சலாம் சொன்னான். மூணாம் மாடிக்காரி பால் இரண்டு வாங்கினாள். மற்ற சாமானெல்லாம் அவள் கையிலிருந்த பச்சைப் பையில் இருந்தது.

லல்லா தாமு புதினாவைத் தூக்கிப் பார்த்தார்.

"வாடிக் கெடக்கு."

ஹம்மு வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினான். அவர் கொஞ்ச நேரம் நின்றார்.

"நான்தான் முறைச்சுப் பாத்தே வாட வச்சிட்டேன்" என்று அவரே சொல்லிக்கொண்டார். "நாளைக்கு நல்ல கட்டா எடுத்து வை."

எடுத்து வைப்பதாகச் சொன்னான்.

மதியத்துக்கு மேல் மிலூதி வாத்தியார் வந்தார். தங்கை வீட்டுக்குப் போவதாகவும் ஒரு சர்க்கரைக் கூம்பு வேண்டும் என்றும் சொன்னார். ஹம்மு மேல்தட்டில் கைக்கு எட்டியதை எடுத்தான். விலைச்சீட்டு ஒட்டிய கூம்பு அது. நகத்தால் சுரண்டினான். பாதிதான் வந்தது. பலகையில் வைத்தான்.

வாத்தியார் அதைப் பார்த்தார். பணத்தை எடுத்தார்.

"நல்ல சர்க்கரைதானே?" என்றார், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

"நீங்க கொண்டு வந்ததுதான்" என்றான் ஹம்மு.

சிரிக்கலாமா என்று வாத்தியார் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஹம்மு ஒரு ரொட்டியை எடுத்துக் கீறிக்கொண்டிருந்தான்.