பட்டியலில் இல்லாத இரத்தம்

மகளுக்கு மூன்று வயதாகும்வரை அவளுடைய வெளிறலை நாங்கள் நோயாக நினைக்கவில்லை. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள். தோட்டத்து மருந்தறையில் முதலில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், பிறகு இரும்புச்சத்து டொனிக் கொடுத்தார்கள். டொனிக் குடித்துக் குடித்துப் பல் கறுத்ததே தவிர முகத்தில் நிறம் ஏறவில்லை. அந்த வருஷம் மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகி, இடப்பக்கம் வயிறு கல்லைப்போல் இறுகிவிட்டது. தெஹியோவிட்டவில் பஸ் ஏறி, அவிசாவளையில் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சண்டை நின்றிருந்த காலம் அது. வழியில் எங்கேயும் எங்களை இறக்கி அடையாள அட்டை கேட்கவில்லை.

நானும் மனைவியும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். சிங்களம் பேசவும் வாசிக்கவும் தெரியும் என்பதால் ஆஸ்பத்திரிக் காரியங்களுக்கு நானே முன்னால் நிற்பேன். மனைவிக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும்.

நோயின் பெயர் தலசீமியா என்றார்கள். உடம்பு தேவையான அளவு நல்ல இரத்தத்தைச் செய்துகொள்ளாது, வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், மாதம் ஒரு முறை வாருங்கள் என்றார்கள். கிளினிக் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. தகப்பனின் உருவத்தில் பாதி சிவப்பு, தாயின் உருவத்தில் பாதி சிவப்பு, கீழே முழுச் சிவப்பாக ஒரு பிள்ளை. இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய் வரும் என்று தாதி விளங்கப்படுத்தினார். எங்கள் இரண்டு பேரின் கையிலும் இரத்தம் எடுத்தார்கள்.

அடுத்த மாதம் ரிப்போட் வந்தது. தாய்க்கு நோய்க்கூறு உண்டு, தகப்பனுக்கு இல்லை. கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். என்னிடம் மட்டும் இன்னொரு தடவை இரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டாவது ரிப்போட்டும் அதையேதான் சொன்னது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னவன் நான்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லையாம், அம்மா. அவ பக்கத்துல இருந்துதான் வந்திருக்கு."

அதைச் சொன்னபோது என் குரலில் இருந்தது நிம்மதி என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பெருமை. பிள்ளைக்கு நோய், மனைவிக்கு அழுகை, எனக்கு மட்டும் குற்றம் இல்லை என்ற பெருமை.

பிறகு ஒரு மாதம் அம்மாவும் எங்களோடு கிளினிக்குக்கு வந்தாள். பிள்ளைக்கு இரத்தம் ஏறி முடியும்வரை அந்தச் சுவருக்கு எதிரேயிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் படத்துக்கு எழுத்துத் தேவையில்லை.  வீட்டுக்கு வந்து, மனைவி பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ரெண்டு பேருகிட்ட இருந்தும் வரணும்னு படத்துல போட்டிருக்கு. ஒனக்கு இல்லன்னு காயிதத்துல போட்டிருக்கு. அப்ப இன்னொருத்தன் யாருடா?"

நான் கத்தினேன். வாயை மூடும்மா என்றேன். திரும்பியபோது மனைவி தண்ணீர் வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. வாளியைக் கீழே வைத்தாள்.

"நீங்களும் அதத்தான் நெனைக்கிறீங்களா?"

"பைத்தியமா ஒனக்கு?" என்றேன்.

அது "இல்லை" என்ற பதில் ஆகாது. எனக்குத் தெரிந்ததுபோலவே அவளுக்கும் தெரிந்தது.

அதன்பிறகு எட்டு மாதம் நாங்கள் அதைப்பற்றிப் பேசவில்லை. விடிய, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஒன்றாகப் போனோம், அடுத்தடுத்த வரிசை மரங்களில் பால் வெட்டினோம், பிள்ளையை மாறி மாறித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஆனால் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் நான் அவள் முகத்தில் வேறொரு சாயலைத் தேடத் தொடங்கியிருந்தேன். இந்த மூக்கு யாருடையது, இந்தக் காது யாருடையது என்று பார்த்தேன். தோட்டத்தில் மனைவியோடு சிரித்துப் பேசிய ஒவ்வொரு ஆணின் முகமும் என் மனதில் வந்து போனது. பிள்ளை என் பார்வையை விளையாட்டு என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டுவாள்.

ஒரு கிளினிக் நாளில் கொழும்பிலிருந்து ஒரு பெண் டொக்டர் வந்திருந்தார். இந்த நோயைப்பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் என்றார்கள். எங்கள் கோப்பை விரித்து ரிப்போட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்ன கேட்கப்போகிறாரோ என்று நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். கடைத்தெருச் சிங்களத்தில், சொல் சொல்லாகத் தேடிப் பேசினாள். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"மிஸ், இந்தப் பிள்ளை இவருடையது. எனக்குத் தெரியும். உங்க பரிசோதனை அப்படிச் சொல்லலை. அப்படியென்றால் உங்க பரிசோதனையில்தான் பிழை இருக்குது."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். அவளை உட்காரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். அவர் சிங்களத்தில் பேசினாலும் எனக்கு அது தமிழாகவே நினைவிருக்கிறது.

"உங்க மனைவி சொல்வது நடக்கக்கூடியது. நாங்கள் செய்வது முதலில் ஒரு சாதாரணப் பரிசோதனை. சில வகைப் பிழைகள் அதில் தெரியாது. அதற்குப் பிறகு பரம்பரைக் கூற்றிலேயே தேடுவோம், ஆனால் எல்லா இடத்திலும் தேடுவதில்லை. இந்த நாட்டில் அதிகம் காண்கிற சில பிழைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த இடங்களில் மட்டும் பார்ப்போம்."

"அந்தப் பட்டியல் எப்படி வந்தது மிஸ்?" என்று கேட்டேன்.

"கிளினிக்குக்கு வந்தவர்களின் இரத்தத்திலிருந்து. உங்க தோட்டத்து ஆட்கள் வந்தது மிகக் குறைவு. உங்க முன்னோர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள், அவர்கள் கொண்டுவந்த பிழை வேறாக இருக்கலாம். நாங்கள் உங்களைப் பார்க்காமலே பட்டியலை எழுதிவிட்டோம்."

எனக்கு எங்கள் ரப்பர் மலை ஞாபகம் வந்தது. ஒருமுறை பழைய மரங்களை வெட்டித் துப்புரவாக்கிய புதுக் கிளியரிங் முழுவதும் ஒரே இன ஒட்டுக் கன்றாக நட்டார்கள். இலைநோய் வந்தபோது அந்த மலையே மொட்டையாகிவிட்டது. பக்கத்தில் விதையிலிருந்து வளர்ந்த பழைய மரங்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லாதவை, பச்சையாக நின்றன. அதை டொக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மனிதர்கள் மரங்களைப்போல அவ்வளவு பிரிந்தவர்கள் இல்லை. நானும் நீங்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபடுகிற அந்தக் கொஞ்சத்தை எல்லாருடைய இரத்தத்திலும் பார்த்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்."

தேடுவதற்கு என் இரத்தம் மட்டும் போதாது, அப்பா இறந்துவிட்டதால் என் அம்மா, தம்பி, பெரியப்பா குடும்பம், முடிந்தால் தோட்டத்தில் இன்னும் சிலர் கொடுத்தால் நல்லது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டு ஊசியும் குப்பியுமாக உட்கார்ந்தார்கள். கையெழுத்து வாங்குவதற்குத் தமிழில் ஒரு தாளும் வைத்திருந்தார்கள். அதில் ஒரு கேள்வி: உங்கள் முன்னோர் இந்தியாவில் எந்த ஊர்?

அந்தக் கேள்வி லயத்தில் பரவ அரை மணித்தியாலம் எடுக்கவில்லை. ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. அதற்கு முன்பு எங்களிடம் ஊர் கேட்டவர்கள் எல்லாம் எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றக் கேட்டவர்கள். என் சித்தப்பாவும் அத்தையும் அப்படிப் போனவர்கள்தான். அவர்கள் போனபின் வந்த கடிதங்களும் ஒரு கட்டத்தில் நின்றுபோயின. பெரியப்பா வாசலில் நின்று என்னிடம் சத்தம் போட்டார்.

"பிரஜாவுரிமை இப்பதான் கெடைக்கப் போவுதுன்னு சொல்றாங்க. இப்ப போயி சேலம், திருச்சின்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா? ரத்தத்தையும் குடுத்து ஊரையும் குடுத்தா மிச்சம் என்னடா இருக்கு?"

 நான் எழுத்துத் தெரிந்தவன், அந்தத் தாளை முழுவதும் வாசித்தவன், ஆனாலும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். பின்னால் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"பெரிய மாமா, இது வரைக்கும் எங்க இருந்து வந்தீங்கன்னு தொரத்தத்தான் கேட்டாங்க. இது ஒரு புள்ளைக்கு வைத்தியம் பாக்கக் கேக்குறாங்க. ஊர எழுத வேணாம்னா எழுத வேணாம், டொக்டர்கிட்ட நான் கேட்டுட்டேன். ரத்தத்த மட்டும் குடுங்க."

பெரியப்பா பிள்ளையைப் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார். மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டி, யாரும் கேட்காமலே ஊரின் பெயரையும் சொன்னார், எழுதுகிறவளுக்குப் புரியவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். அன்று வாசல் வாசலாகப் போய் ஆட்களைக் கூட்டிவந்தவள் என் மனைவிதான். அந்த வீடுகள் சிலவற்றில் அவளைப்பற்றி என்ன பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அம்மா கடைசியாக வந்து கையைக் கொடுத்தாள்.

முடிவு வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. டொக்டர் என்னையும் மனைவியையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். எனக்கு ஒரு பிழை இருந்தது. பட்டியலில் இல்லாதது, சாதாரணப் பரிசோதனையில் தலைகாட்டாதது. அதே பிழை தம்பியிடமும் இருந்தது, அம்மாவிடமும் இருந்தது. அம்மாவிடமிருந்துதான் எங்களுக்கு வந்திருக்கிறது.

அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான்தான் குடுத்தேனா?"

 மனைவிதான் சொன்னாள்:

"நீங்க குடுக்கல அத்த. ஒங்களுக்கு யாரோ குடுத்தது."

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பிழை மெல்லியது. அது ஒரு பக்கத்தில் இருப்பதால் பிள்ளையின் நோயும் கடுமையானதாக இராது. மாதாமாதம் இரத்தம் ஏற்றினால் உடம்பில் இரும்பு தங்கிக் கல்லீரலைக் கெடுக்கும், அதனால் ஏற்றாமல் கொஞ்ச நாள் பார்ப்போம், அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார். அப்படித்தான் செய்தோம். காய்ச்சல் வந்தால் மட்டும் சில தடவை ஏற்ற வேண்டியிருந்தது. மற்றக் காலங்களில் அவள் மற்றப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் குள்ளமாக, கொஞ்சம் சீக்கிரம் களைத்துப்போகிறவளாகத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் போனாள். இரண்டு வருஷம் கழித்து அதே பள்ளிக்கூடத்தில் கும்மி அடித்தாள், நடுவில் மூச்சு வாங்கி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்து ஆடினாள்.

அந்த முடிவு வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது நான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். வழியில் வேறு யாரும் இல்லை. அவள் நடப்பதை நிறுத்தவில்லை.

"இன்னிக்கு இந்தக் காயிதம் வராம இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

நான் அவள் பின்னால் நடந்தேன். அவள் பிறகு அதைக் கேட்கவில்லை. எங்களுக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்தோம். அதைப் பேசத் தொடங்கியபோதுதான் மற்றவற்றையும் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினோம். தம்பிக்குப் பெண் பார்த்தபோது, முதலில் பெண்ணின் இரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவே அந்த வீட்டாரிடம் சொன்னாள். காரணம் எங்கள் பக்கத்திலும் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னாள். பெண்ணுக்கு ஒன்றும் இருக்கவில்லை, கலியாணம் நடந்தது.

சண்டை மறுபடி தொடங்கிப் பஸ்ஸில் திரும்பவும் சோதனை வந்துவிட்ட காலத்தில், ஒரு கிளினிக் நாளில், இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். தகப்பன் அப்போதுதான் கிடைத்த ரிப்போட்டை என்னிடம் காட்டி, சிங்களத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். தாய்க்கு உண்டு, தகப்பனுக்கும் உண்டு என்று எழுதியிருந்தது. அவனுடையது என்னுடைய அதே பிழை. பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டதாக டொக்டர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் இருக்குதாம்" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "எனக்குமா அண்ணே?" என்று கேட்டான். அவன் மனைவி அவன் தோளில் கையை வைத்தாள். அந்தக் கை அவன் தோளிலேயே இருக்க, இரண்டு பேரும் ஒரே தாளின்மேல் குனிந்து அழுதார்கள். நான் குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டேன்.