வெட்டிய ஓரங்கள்

ஆரணியில் நான் வேலை பார்க்கும் பட்டுச் சேலைக் கடையின் நெசவாளர், ஊழியர் பட்டியல் எக்செலில் திறக்க மறுத்தது. மெமரி போதவில்லை என்றே வந்தது. சரிசெய்பவர் வந்தவாசி பஸ்ஸில் வந்து இறங்கினார். வழுக்கைத் தலை. சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர். கடைசிவரை அதை வெளியே எடுக்கவில்லை. மற்றதையெல்லாம் மூடிவிட்டு, பட்டியலை ஒருவழியாகத் திறந்தார்.

தப்பு என்னுடையது. அடையாள அட்டைக்காக அவரவர் கொடுத்த குடும்பப் படங்களை முழுசாக ஒட்டி, முகம் மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தேன். வெட்டிய பகுதி கண்ணுக்கு மறைந்ததே தவிர, உள்ளேயே கிடந்து கனத்தது.

ஒரே அழுத்தில் மொத்தத்தையும் நீக்கியிருக்கலாம். அவரோ ஒவ்வொரு படத்தையும் விரித்து, பக்கத்தில் நின்ற மனைவி மக்களைப் பார்த்துவிட்டே நீக்கினார்.

“ஜல்தி முடிங்க,” என்றேன்.

“போனா திரும்பி வராதுங்க. யாராச்சும் ஒரு தடவ பாத்துட்டா தேவல.”

ஊழியர் வரிசையில் என் படம் வந்தது. விரித்தார். தை மாதம் இறந்துபோன என் மனைவி என் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

“இத தனியா எடுத்து வெக்கட்டுங்களா?”

பின்னால் முதலாளி நின்றிருந்தார். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

“வேணாம். வூட்ல இருக்குது.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

வீட்டில் இல்லை. அந்தப் படம் இருந்த அவளுடைய போனை எப்போதோ விற்றுவிட்டேன். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம், பாவி மனுஷன்.