திருத்தணியில் மொட்டை, மஸ்கட்டில் தாய்மாமன்

கோவிலுக்குப் போனோமா, சாமி கும்பிட்டோமா, பொங்கல் சாப்பிட்டோமா என்று வந்திருக்க வேண்டும். நான் செல்போனில் நேரலை காட்டுகிறேன் என்று கிளம்பினேன். நடந்தது 2009 தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வெளிநாட்டு உறவினருக்கு மலைக்கோவிலிலிருந்து நேரலை காட்டும் யோசனை உங்களுக்கும் இருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

என் மகன் கதிருக்கு அப்போது மூன்று வயது. மொட்டை போடும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். என் மனைவி விஜியின் ஒரே தம்பி சேகருக்கு மஸ்கட்டில் வேலை. அவனுக்கு லீவு கிடைக்காததால், ஒரு வயதில் போட வேண்டிய மொட்டை தள்ளிப்போனது. இந்த முறையும் கடைசி நேரத்தில் கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். ஒற்றைப்படை வயதில்தான் போட வேண்டும், இப்போது விட்டால் ஐந்து வயதுதான் என்று மாமியார் சொல்லிவிட்டார். மடிதான் கொடுக்க முடியவில்லை, கண்ணாலாவது பார்க்க வேண்டும், நான் பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள் என்று சேகர் போனில் அழாத குறை.

நான்தான் வாயைக் கொடுத்தேன். மென்பொருள் வேலையில் இருக்கிற திமிர். போன் கேமரா ஐந்து நொடிக்கு ஒரு படம் எடுக்கும். அதை என் சர்வருக்கு அனுப்பும். சேகர் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தால் படம் தானாக மாறிக்கொண்டே இருக்கும். நானே உட்கார்ந்து எழுதிய நிரல். வீட்டு மொட்டைமாடியில் பிரமாதமாக வேலை செய்தது.

சென்னையிலிருந்து திருத்தணி சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். மின்சார ரயிலில் நாங்கள் போய் இறங்கும்போது காலை எட்டே முக்கால். பொதட்டூர்பேட்டையிலிருந்து மாமனாரும் மாமியாரும் பஸ்ஸில் வந்து காத்திருந்தார்கள். நிலையத்துக்கு வெளியே வேன் பேசினோம், மேலே போய்வர நானூறு ரூபாய். அடிவாரத்தில் நிறுத்திச் சோதித்தேன். ஒரு வாழைப்பழக் கடை மஸ்கட்டில் தெளிவாகத் தெரிந்தது. சேகர் புது வேட்டி கட்டிக்கொண்டு நண்பனின் அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தானாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேலே போய் வேனிலிருந்து காலைக் கீழே வைக்கிறேன், போனில் ஒரு மெசேஜ்: ஆந்திரப் பிரதேசம் தங்களை வரவேற்கிறது. அட கடவுளே, நான் நிற்பது திருத்தணி முருகன் வாசலில்! உயரத்துக்கு வந்ததும் போன் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டது. பேசலாம், ஆனால் என் சிம் கார்டு திட்டத்தில் ரோமிங்கில் இணையம் கிடையாது. ஒரு படம்கூடப் போகவில்லை.

டிரைவரிடம் புலம்பினேன். "இங்க அப்டித்தான் சார், பாதி பேருக்கு ஆந்திரா டவர்தான்" என்றார் நிதானமாக. அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? நெட்வொர்க்கைக் கையால் மாற்றிப் பார்த்தேன். போனை அணைத்துப் போட்டேன். மதில் ஓரமாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வந்தவர்கள் எல்லாம் என்னை வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் விஜியின் போனில் சேகர் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு. மணி பத்து தாண்டியாயிற்று. முடி எடுப்பவர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, "மாமன் வராரா இல்லையா?" என்று கேட்டார். மாமனார் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரனை மடியில் வாங்கிக்கொண்டார். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. போனை மாமியாரிடம் கொடுத்து, சும்மா பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் கற்பூரத் தட்டு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். கதிர் ஊரைக் கூட்டினான். முடி விழுந்தது. சேகர் திரும்பவும் கூப்பிட்டான். இன்னும் ஆரம்பிக்கவில்லை, கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு விஜி போனை வைத்தாள். சந்தனம் பூசி முடிந்ததும் நான் கேமராவை நிறுத்தி, போனைப் பையில் போட்டேன். தரிசனத்தில் எனக்கு மனசே ஒட்டவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் அடிவாரத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். கதிர் சந்தன மொட்டையோடு பொங்கலை அளைந்துகொண்டிருந்தான். சேகரிடம் யார் உண்மையைச் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது விஜியின் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"பாவா, படம் வந்துகினு கீது! நைனா மடியில உக்கார வச்சிட்டாங்க!"

சேகர்தான். நைனா என்றது அவன் அப்பாவை, என் மாமனாரை. ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. லைன் இல்லாதபோது படங்களைச் சேர்த்து வைத்து, கிடைத்ததும் வரிசையாக அனுப்பும்படி நான்தான் எழுதியிருந்தேன். பையில் கிடந்த போனுக்குத் தமிழ்நாட்டு டவர் கிடைத்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய மொட்டை இப்போதுதான் மஸ்கட்டில் ஆரம்பிக்கிறது.

"டேய், அது வந்து..." என்றேன். விஜி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆங்டா, இப்பதான் ஆரம்பிச்சாங்க. நீ பாத்துகினே இரு."

மாமியார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். சேகர் ஒவ்வொரு படமாகச் சொல்லச் சொல்ல, விஜி ஆமாம் போட்டாள். அழுகிறானா என்று கேட்டான், அழுகிறான் என்றாள். அந்த நேரம் பார்த்துக் கதிர் கெக்கெக்கே என்று சிரித்தான். அது யாரோ வேறு குழந்தை என்று சொல்லிவிட்டு அவன் வாயைப் பொத்தினாள். கால் மணி நேரம் எங்கள் மேஜையில் யாரும் இலையில் கை வைக்கவில்லை.

கடைசியில் சேகர், "முடிஞ்சிச்சி அக்கா, நான் பாத்துட்டேன். சந்தனம் கண்ணு மேல வழியுது பாரு, தொடச்சி வுடு" என்றான்.

சந்தனம் எப்போதோ காய்ந்திருந்தது. விஜி முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, கதிரின் புருவத்தை மெதுவாகத் துடைத்தாள். "தொடச்சிட்டேன்டா" என்றாள்.

போகிறவர்களுக்கு: மலை ஏறுவதற்கு முன்பே போனில் நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து மாற்றி, உங்கள் தமிழ்நாட்டு டவரைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிடுங்கள். ரோமிங் இணையம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்குள் மேலே இருங்கள். முக்கியமாக, படத்தின் மூலையில் நேரம் போடுகிற வேலையை உங்கள் நிரலில் சேர்க்காதீர்கள். நான் சோம்பேறித்தனத்தால் விட்டது அது ஒன்றுதான்.

சேகருக்கு இன்றுவரை தெரியாது. மொட்டையை நேரலையில் பார்த்ததாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். தயவுசெய்து யாரும் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பிவிடாதீர்கள்.