பச்சை டிக் வாங்கிய பதில்

ஸ்டோரேஜ் அக்காவுக்கு என்ன வேலை என்று அவள் நாத்தனாருக்குப் பதினான்கு வருடமாகப் புரியவில்லை. "ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டருக்கெல்லாம் குடோன் பாத்துக்கிறா" என்று கேட்பவர்களிடம் சொல்லிவைப்பாள். அது அப்படியொன்றும் தப்பில்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஸ்வெட்டர் இல்லாமல் பத்து நிமிடம் நிற்க முடியாத ஓர் அறை. அதில் ஆறு சர்வர்கள். அந்த ஆறுக்குள்ளே அறுபது கணினிகள், ஒரே வீட்டில் பத்துக் குடித்தனம் வைத்த மாதிரி, தனித்தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். அத்தனை பேருடைய தட்டுமுட்டுச் சாமானும் பக்கத்திலுள்ள ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். குடித்தனக்காரர்களுக்குள் இடத்தகராறு வராமல் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கிறவரை நீங்கள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது கெட்டால் டாக்டர் முதல் லிஃப்ட்காரர் வரை பெயர் சொல்லித் தேடுவார்கள். நல்லது கெட்டது பேச ஆள் கிடையாது. அதனால்தான் அக்கா தன்னைப்போல் கீழ்த்தளங்களில் கிடப்பவர்களைத் திரட்டி ஒரு குழு ஆரம்பித்தாள். இணையத்தில் கேள்வி பதில் மன்றம். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் நேரில் ஒரு கூட்டம். கூட்டம் நடப்பது அவள் கணவருடைய டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள். "முந்திச் செல்லாதே" என்ற பலகைக்குக் கீழே நின்றுதான் எல்லாரும் பேசியாக வேண்டும்.

ஒவ்வொரு கூட்டமும் ஓர் 'உடைச்ச கதை'யோடு தொடங்கும். யாராவது ஒருவர் எழுந்து தான் கெடுத்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்பவர் சிரிக்கும்வரை மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. விதியை வைத்தவள் அக்கா. ஆனால் ஆறு வருடத்தில் அவள் ஒருமுறையும் எழுந்ததில்லை. மறைத்தாள் என்று நினைக்க வேண்டாம். சொல்லும்படி எதையும் உடைக்கவில்லை என்று மனதார நம்பினாள். ஊரார் ஓட்டையை எண்ணிக்கொண்டிருந்தால் நம் வீட்டுக் கூரை எங்கே கண்ணில் படும்?

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஸ்டோரேஜ் பெட்டியில் இடம் நிரம்பிக்கொண்டு வந்தது. ஒரு கணினி அந்த நிமிடம் இருந்த நிலையை அப்படியே பிடித்துவைக்க, எவனோ எப்போதோ எடுத்துவிட்டு மறந்த ஸ்னாப்ஷாட்டுகள். அக்கா வழக்கம்போல் இணையத்தில் தேடினாள். முதலிலேயே அவர்கள் மன்றத்துப் பதில் ஒன்று கிடைத்தது. சரியான பதில் என்று பச்சை டிக் வாங்கியது, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நன்றி சொன்னது. படிக்கப் படிக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ விவரமான ஆள், வளவளவென்று இழுக்காமல் ஐந்தே வரியில் முடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே கீழே வந்தாள். எழுதியவர் பெயர் இருந்தது. அவள்தான்.

தனியறையில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்து வருடத்துக்கு முன் எழுதியது, சுத்தமாக மறந்துபோயிருக்கிறது. நல்லவேளை, எதையும் முதலில் கணினியின் நகல் ஒன்றில் செய்து பார்க்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. தன் பதிலில் சொன்னபடியே நகலை நிறுத்தினாள், மூன்று மாதமாகத் தேதி மாறாத கோப்புகளை அழித்தாள், மறுபடி ஓடவிட்டாள். அது எழுந்திருக்கவில்லை. இனி எழுந்திருக்கப் போவதும் இல்லை.

சிரிப்பு போய்விட்டது. ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிடத்திலிருந்து மூல நோட்டை மூடிவைத்துவிட்டு, புதிதாக எழுதுவதையெல்லாம் உதிரித் தாளில் எழுதுகிற மாதிரிதான் கணினி வேலை செய்யும். மூல நோட்டின் தேதி அப்படியே நிற்கும். அதற்காக அது பழைய பேப்பர் ஆகிவிடுமா? அதைத் தூக்கிப் போட்டால் உதிரித் தாள்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐந்து வருடத்துக்கு முன் அவள் அழித்தவை நிஜமாகவே குப்பை. அவள் அதிர்ஷ்டத்தை வழிமுறை என்று எழுதிவிட்டாள்.

பதிலுக்குக் கீழே நன்றிகளுக்கு நடுவில் ஒரு வரி கிடந்தது. வெறும் எண்களையே பெயராக வைத்திருந்த யாரோ எழுதியது: 'இப்படித்தான் செய்தேன். எல்லாம் போய்விட்டது.' அதற்கு அடியில் அக்காவின் மறுமொழி: 'வழிமுறையைச் சரியாகப் படித்துவிட்டுச் செய்யவும்.' அதன்பிறகு அந்த எண்ணிலிருந்து ஒரு சொல்லும் இல்லை.

அக்கா அந்தப் பதிலை உடனே மன்றத்தில் யார் கண்ணிலும் படாதபடி மறைத்து வைத்தாள். மறைத்தால் போதுமா? ஏற்கெனவே படித்துக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு யார் சொல்வது? சாயங்காலம் கணவரிடம் சொன்னாள்.

"சனிக்கிழமை எழுந்து சொன்னா, இனிமே நான் சொல்றத ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அந்தக் கூட்டத்த விட்டா எனக்கு வேற யாருங்க இருக்காங்க?"

அவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டார். "சொல்லாம விட்டா?"

"அந்த ஆளு முகம் தெரியாம தினம் கண்ணு முன்னாடி நிப்பாரு."

"அப்ப ரெண்டுல எது லேசுன்னு நீயே பாத்துக்கோ. நான் டீக்கு எத்தன கப்னு மட்டும் சொல்லு."

சனிக்கிழமை இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். இன்று யார் உடைச்ச கதை என்று வழக்கம்போல் அக்கா கேட்கவில்லை. தானே பலகைக்குக் கீழே போய் நின்றாள். செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எல்லாரையும் சிரிக்கவைத்திருக்க வேண்டிய கதை. தன் பதிலைத் தானே மெச்சிக்கொண்ட இடத்தில்கூட அவள் சிரிக்கவில்லை, அதனால் யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் தான் எழுதிய மறுமொழியையும் வாய்விட்டுப் படித்தாள்.

"அவர் சரியாத்தான் படிச்சிருக்காரு. நான்தான் சரியா எழுதல. அவர் யாருன்னு தெரியல. தெரிஞ்சா கால்ல விழுந்தாவது மன்னிப்பு கேப்பேன். இனிமே நான் பதில் எழுதறதா இல்ல."

கடைசி வரிசையில் நூலகத்து சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் கை தூக்கினார். நாலு வருடமாக ஒரு கூட்டம் தவறாமல் வருபவர். அதிகம் பேசாதவர்.

"கால்ல எல்லாம் விழ வேணாம்கா. அது நான்தான்."

அக்கா பலகையை விட்டு அவர் பக்கமாக இரண்டடி வந்தாள்.

"நாப்பதாயிரம் புஸ்தகத்தோட பட்டியல். ஏழு மாசம் உக்காந்து திரும்ப அடிச்சோம்" என்றார் அவர். "முத முதல்ல இந்தக் கூட்டத்துக்கு நான் வந்ததே உங்ககிட்ட சண்ட போடத்தான். வந்தா, நீங்க எனக்கு நாற்காலி போட்டு, என்ன பெட்டி வெச்சிருக்கீங்க, பேக்கப் இருக்கானு கேட்டீங்க. இல்லன்னேன். மறுநாளே போன் பண்ணி ரெண்டு மணி நேரம் லைன்லயே இருந்து பேக்கப் வெச்சுக் குடுத்தீங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு சண்ட போடறது?"

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். அது என் தப்புதான், வேற யாராவது மாட்டியிருந்தா அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு. ஆனா சொன்னா நீங்க எழுதறத நிறுத்திருவீங்கன்னு பயந்தேன். இப்ப பாருங்க, அதத்தான சொல்றீங்க."

அக்காவுக்கு அழுகை வந்தது. அழுதாள். இருபத்து மூன்று பேர் முன்னால் அழுவது வெட்கமாக இருந்தது. கூடவே நெஞ்சு இத்தனை லேசாக இருந்து ரொம்ப நாளாகிவிட்டது என்றும் தோன்றியது. யாரோ டீயை நீட்டினார்கள்.

அன்றைய பேச்சு நிகழ்ச்சி எதுவும் நடக்கவில்லை. அத்தனை பேரும் ஒரு திரைக்கு முன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அந்த ஐந்து வரியைத் திருத்தினார்கள். ஆளுக்கொன்று சொல்ல, ஐந்து வரி பதினாறு வரி ஆனது. மூல நோட்டு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எதை அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்தி வைப்பது, எல்லாம் வந்தது. தலைப்பில் என்ன போடுவது என்று அக்கா கேட்டாள். நூலகத்துக்காரர் யோசித்துவிட்டு, "முன்னாடி இருந்த பதில் தப்பு, அதால ஒரு நூலகம் பட்டியல இழந்திருக்குன்னு போடுங்க. யாரு எழுதினதுன்னு போட வேணாம்" என்றார்.

அக்கா அந்த வரியைத் தட்டச்சு செய்தாள். அதற்குக் கீழே தன் பெயரையும் போட்டாள்.

திங்கட்கிழமை காலை மன்றத்தில் புதிதாக ஒரு கேள்வி வந்தது. அக்காவுக்குப் பதில் தெரியும். கை தானாகப் போனது, தானாக நின்றது. அரைமணி நேரம் மற்ற வேலைகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். பிறகு பதிலை எழுதி, மன்றத்தில் போடாமல் நூலகத்துக்காரருக்கு அனுப்பினாள்.

'கொஞ்சம் படிச்சுப் பாத்து சொல்றீங்களா?'

'ரெண்டு தடவ படிச்சேன்கா' என்று பதில் வந்தது. 'மூணாவது வரியில மட்டும் ஒரு சந்தேகம்.'

அவர் கேட்டது சரியாகத்தான் இருந்தது. அக்கா மூன்றாவது வரியைத் திருத்திவிட்டு, பதிலை மன்றத்தில் போட்டாள்.