மடவைக்கு எழுபத்தாறு

தன் நெஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறவனை நான் மனிதக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பழவேற்காட்டுக்குச் சென்னையிலிருந்து பூநாரை பார்க்க வருவார்கள். படகில் ஏறும்போது மணிக்கட்டைப் பார்ப்பார்கள். இறங்கும்போதும் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். அதில் பாதி நேரம் பறவையைப் பார்த்திருந்தால் அதுவாவது சந்தோஷப்பட்டிருக்கும்.

"இன்னா சார், நேரமாயிட்ச்சா?" என்று கேட்டேன் ஒருவரிடம்.

"இல்லப்பா, ஹார்ட் ரேட் பார்க்கறேன்."

கழி ஊன்றி அவரையும் அவர் குடும்பத்தையும் தள்ளிக்கொண்டு போனவன் நான். பலகையில் உட்கார்ந்து முறுக்கு தின்றவர் அவர். ஹார்ட் ரேட் பார்த்தவரும் அவர்தான். இந்தக் கதையை ஊரெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கினேன். எங்கள் ஊரில் சிரிக்க வைக்கிற வேலை எனக்கு. சம்பளம் கிடையாது, ஆனால் வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் மீன் பெட்டியைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மூச்சு வரவில்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் நடிக்கிறேன் என்று நினைத்து நாலு பேர் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பொன்னேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா எல்லா சோதனையும் செய்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இதயம் கொஞ்சம் களைத்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். "தினம் நடங்க. துடிப்பு நூத்தி இருபதைத் தாண்டாம பாத்துக்கங்க. அதுக்கு ஒரு மானிட்டர் வாங்கிக்கங்க."

"முப்பது வருசமா கழி போடறேன், வலை இழுக்கறேன். அது எக்சர்சைஸ் இல்லீங்களாம்மா?"

"அது உழைப்பு. இது உடற்பயிற்சி."

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். உழைப்பில் மீன் கிடைக்கிறது. அது தவிர எனக்கு ஒன்றும் புலப்படவில்லை.

டாக்டரம்மா படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொன்னவள் என் மனைவி. "நூத்தி இருபது தாண்டிச்சினா, பாட்டுக்குப் போக மாட்டே. கால ஒடச்சி உக்கார வெச்சிருவேன்."

பாடு என்றால் முறை. எங்கள் ஏரியில் அவனவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஊர் கூடி இடத்தைப் பிரித்து, இந்த இடம் இந்த நாளில் இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். எங்கள் வலைக்கு நல்ல இடம் விழுந்து, நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. பங்கு வேண்டுமானால் ஆள் படகில் இருக்க வேண்டும். வராதவன் இடத்தில் வேறொருவன் ஏறுவான். ஏறினவனை இறக்குவது சாமான்யம் இல்லை. எங்கள் படகை நடத்துகிற என் பங்காளிக்குப் புது மருமகன் ஒருவன் வந்திருந்தான். தோள் ரெண்டும் கதவு மாதிரி. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒடம்பு எப்டி கீது மாமா?" என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தான். அந்த அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆக, மிஷின் வாங்கியே தீர வேண்டும். பொன்னேரியில் செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு வாட்சை எடுத்து, பெண் பார்க்கிற வீட்டில் காப்பி நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

"நடக்கறத எண்ணும்ணே. தூங்கறத எண்ணும். ரத்தத்துல காத்து எவ்ளோ கீதுன்னு சொல்லும்."

"மீனு எங்க கீதுன்னு சொல்லுமா?"

"அது அடுத்த மாடல்ணே."

ஆள் நம்ம ஜாதி என்று எனக்குப் பிடித்துப்போயிற்று. அங்கேதான் ஏமாந்தேன்.

"நெஞ்சுல கட்ற பெல்ட்டு ஒண்ணு வருதுண்ணே, ஓட்டப் பந்தயக்காரங்க கட்டுவாங்க. அது கரெக்டா காட்டும்."

"அப்ப இது?"

"இதுவும் காட்டும்ணே."

நான் பந்தயத்துக்கா போகப்போகிறேன்? வாட்சைக் கட்டிக்கொண்டேன். பச்சை விளக்கு மினுக்கியது. எழுபத்தெட்டு என்றது. கடையிலேயே என் மரியாதை கூடிவிட்டது.

மறுநாள் காலை நடக்கக் கிளம்பினேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் நடந்தால் கையில் கூடை இருக்கும், வலை இருக்கும், குறைந்தபட்சம் ஒரு தூக்காவது இருக்கும். வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்கிறவனுக்கு ஒன்று வண்டி ரிப்பேர், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை. பைக்கில் போன ஒவ்வொருவனும் நின்றான்.

"ஏறு மாமா, எங்க போவணும்?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கறேன்."

"சும்மாவா?" பின்னால் உட்கார்ந்திருந்தவன் காதோரம் ஏதோ சொன்னான். வண்டி போய்விட்டது. வீடு திரும்புவதற்குள் நான் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு ஆந்திரா எல்லைப் பக்கம் ஓடிப்போகிறேன் என்று சேதி அவளுக்கே வந்து சேர்ந்திருந்தது. உடற்பயிற்சி என்பது வேலையில்லாதவன் கண்டுபிடித்தது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். நடந்து போய் ஒன்றையும் வாங்காமல், ஒருவரையும் பார்க்காமல், புறப்பட்ட இடத்துக்கே வியர்வையோடு வந்து நிற்பது! செக்குமாட்டுக்காவது எண்ணெய் மிஞ்சுகிறது.

வாட்ச் மட்டும் தங்கம். நடந்தால் எழுபத்தெட்டு. வேகமாக நடந்தால் எண்பது. திண்டாடித் திணறி மேட்டில் ஏறினால் மறுபடி எழுபத்தெட்டு. மனைவியிடம் தினம் காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தாள். பங்காளி வீட்டு வாசலில் போய் நின்று கையைத் தூக்கித் தலையைச் சொறிந்தேன், மருமகன் கண்ணில் படும்படி.

இந்த நேரத்தில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவிக்குத் தம்பி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று நாங்கள் கொடி பிடித்தபோது எனக்குப் பக்கத்தில் நின்று என்னைவிடச் சத்தமாகக் கத்தியவன். அப்புறம் அதே துறைமுகத்து அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு ஜிம். இப்போது சின்னப் பையனுக்கு வாங்கின பனியனைத்தான் போடுகிறான் போலிருக்கிறது, அப்படி ஒரு இறுக்கம். கையைத் தொங்கவிட முடியாமல் ரெண்டு பக்கமும் அகட்டி வைத்துக்கொண்டு நண்டு மாதிரி நடக்கிறான்.

வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது டுபாக்கூர் மாமா."

"உன் மாமனையே டுபாக்கூர்னுவே நீ."

அடுத்த லீவுக்கு ஒரு பெல்ட்டோடு வந்தான். சட்டையைக் கழற்றச் சொல்லி, பெல்ட்டின் உள்பக்கத்தைத் தண்ணீரால் நனைத்து, என் நெஞ்சைச் சுற்றிக் கட்டினான். அது போனுக்குச் சேதி அனுப்புமாம், போனில் எண் தெரியுமாம். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் பங்காளி.

"இன்னாடா தம்பி, உள்பாடி போட்டுகினு கீறே?"

ஊரைச் சிரிக்க வைக்கிறவனைப் பார்த்து ஊர் சிரித்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நன்றாக இல்லை.

படகில் ஏறினோம். மச்சினன் போனைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். நான் கழி போட்டேன். கரை தாண்டும்போதே தொண்ணூற்றெட்டு என்றான். சேறு கழியைப் பிடித்துக்கொண்ட இடத்தில் நூற்றுப் பதினைந்து. எதிர்க்காற்றில் நாலு தள்ளு தள்ளினேன்.

"மாமா."

"இன்னாடா?"

"நூத்தி முப்பத்தாறு. கழிய வை மாமா."

"அது பெல்ட்டு இறுக்கம்டா."

"மாமா, கழிய கீழ வை."

அவன் குரல் மாறியிருந்தது. கழியை வாங்கி அவனே தள்ளிக்கொண்டு வந்தான், அதுவும் தப்பும் தவறுமாக. கரை வருவதற்குள் அவனிடம் சொன்னேன்: "உங்க அக்காகிட்ட வாயத் தொறந்தே, அப்றம் இந்த வீட்டுப் படி ஏற மாட்டே."

ஆக என்னிடம் ரெண்டு மிஷின். ஒன்று, நீ தேற மாட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. இன்னொன்று, ராஜா உனக்கென்ன குறை என்கிறது. பாட்டுக்கு ரெண்டு நாள் இருக்கிறது. பங்காளி வீட்டில் கதவு மாதிரி தோளோடு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். எந்த மிஷின் நல்லது என்று விலையையும் பேட்டரியையும் பார்த்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் செய்யட்டும். எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெல்ட்டைச் சுருட்டி வலை மூட்டைக்கு அடியில் தள்ளினேன். வாட்சைக் கட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பெரிய ஐஸ் பாளம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முகமெல்லாம் வியர்வை. மூச்சு வாங்கியது. மனைவி நண்டுகளுக்குக் காலைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நண்டு எடுக்கிற ஏஜென்ட் வருகிற நேரம்.

"எவ்ளோ காட்டுது?"

கையை நீட்டினேன். எழுபத்தெட்டு.

"கயட்டு."

"இன்னாத்துக்கு?"

"கயட்டுய்யான்னா."

கழற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு பெரிய நண்டை எடுத்து, அதன் முதுகோடு வாட்சைச் சேர்த்துக் கட்டினாள். பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கி யோசித்தது. எழுபத்தெட்டு.

நான் விடவில்லை. "அதுக்கும் உசுரு கீதுல்ல? மிஷினு ஷோக்கா வேல செய்யுதுன்னுதான அர்த்தம்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து ஐஸ் பெட்டியைத் திறந்தாள். காலையில் பிடித்த மடவை மீன் ஒன்றை வாலைப் பிடித்து எடுத்தாள். விறைத்துப்போய்க் கட்டை மாதிரி இருந்தது. வாட்சை அதன் வயிற்றில் சுற்றிப் பொறுமையாகக் கொக்கியை மாட்டினாள். பச்சை விளக்கு மினுக்கியது. நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

எழுபத்தாறு.

"உன்னவிட ரெண்டு கம்மி," என்றாள். "பாட்டுக்கு இத்த அனுப்பறேன். நீ ஐஸ் பொட்டில ஏறிப் படு."

மடவையின் வயிற்றிலிருந்து வாட்சைக் கழற்றினேன். தேடிப் பிடித்து வாங்கினது இதைத்தானா? செத்த மீனுக்கு உயிர் இருக்கிறது என்கிற மிஷினைக் கையில் கட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். முறுக்கு தின்ற அந்தச் சென்னைக்காரர் என்னைவிட எவ்வளவோ மேல். அவர் வாட்சாவது நல்ல கடையில் வாங்கினதாக இருக்கும்.

"தம்பி எல்லாம் சொல்லிட்டான்," என்றாள் அடுத்ததாக. கண்ணைத் துடைத்துக்கொண்டது ஐஸ் தண்ணீர் பட்டதாலா என்று நான் கேட்கவில்லை. புடவையை உதறிக்கொண்டு நேரே பங்காளி வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே போனேன். மடவைக் கதையை வாசலிலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

"பெரிய மாமா, இவுரு பாட்டுக்கு வருவாரு. ஆனா கழியத் தொட மாட்டாரு. வலை இழுக்க மாட்டாரு."

பங்காளி பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப இன்னாத்துக்கு வராரு?"

"பங்குக்கு."

மருமகன் வாசல்படியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பங்காளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாயாவது வேல செய்யுதாடா தம்பி?"

"அது ஒண்ணுதான் செய்யுதுண்ணே."

"சரி, உக்காந்து கத சொல்லிகினு வா. மருமவன் கழி போடட்டும். டாக்டரு சரின்னு சொல்ற வரைக்கும் ஒம்பங்குல பாதி அவனுக்கு." மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

பாடு வந்த நாளில், விடிகிற நேரத்தில் படகேறினேன். சட்டைக்குள் பெல்ட்டு. கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்ட போன். நடுப் பலகையில், சாமி ஊர்வலத்தில் உட்கார்த்தி வைத்த மாதிரி உட்கார்ந்தேன். பெருமாள் மாதிரி என்று சொல்ல ஆசைதான். ஆனால் காலைக் கட்டின நண்டு மாதிரி என்பதுதான் சரி. மருமகன் கழி போட்டான். நன்றாகவே போட்டான், அதுதான் எரிச்சல். தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று எழுந்து திரும்பியது. நான் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்ளோடா காட்டுது?" என்றார் பங்காளி.

"எம்பதுண்ணே."

"மடவையவிட நாலு ஜாஸ்தி. பொழச்சிகினே போ."

படகே சிரித்தது. மருமகனும் சிரித்தான், அதனால் தள்ளு ஒன்று பிசகி முனை லேசாகத் திரும்பியது. நான் பழக்கத்தில் கழிக்குக் கையை நீட்டினேன். அவன் பார்த்தான். அதைத் தூக்கி என் கைக்கு எட்டாத பக்கத்தில் ஊன்றினான்.