ஜேபஸ் ஆர்கில்லின் மூக்கு

இங்கிலாந்தில் பீர் காய்ச்சியே பிழைக்கும் எங்கள் பர்ட்டனுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் கைக்குட்டையைத் தேடுவார்கள். வேகும் மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி, பொங்கும் ஈஸ்ட், கிணற்றுத் தண்ணீரின் கந்தகம் எல்லாம் சேர்ந்து அப்படி ஒரு வீச்சம். எங்களுக்கு அது சோறு போடும் வாசனை. பீர் ஏற்றிய ரயில்கள் இங்கே நடுத்தெருவைக் கடந்துதான் போகும். கல்யாண வண்டியானாலும் சவ வண்டியானாலும் கேட் திறக்கும்வரை நிற்க வேண்டியதுதான்.

விஷக் காய்ச்சல் ஊரைச் சூறையாடிய அந்தக் குளிர்காலத்தில் ஜேபஸ் ஆர்கில்லின் மனைவி எடித்தின் சவப்பெட்டியும் அப்படித்தான் கேட்டுக்கு முன்னால் நின்றது. அதே காய்ச்சலில் கிடந்து பிழைத்து எழுந்திருந்த ஜேபஸ், பெட்டியின் மேல் கை வைத்தபடி ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊர் வாசனை வரவில்லை. எந்த வாசனையுமே வரவில்லை.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஜேபஸ் பீர்க் கம்பெனியில் பீப்பாய் முகர்கிறவர். பீர்க் கடைகளிலிருந்து திரும்பிவரும் காலிப் பீப்பாய்களின் வாயில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். உள்ளே புளிப்போ பூசணமோ பிடித்திருந்தால் சாக்கட்டியால் சிலுவை போட்டு ஒதுக்குவார். நல்லதை, பீப்பாய்க்குள் நீராவி காட்டிச் சுத்தம் செய்யும் சிநேகிதன் ஈனக் ஹாலமிடம் உருட்டிவிடுவார். கெட்ட பீப்பாயை எத்தனை நேரம் அவித்தாலும் மரத்தில் ஊறிய நாற்றம் போகாது. அடுத்து ஊற்றும் பீரும் பாழ்.

ஜேபஸ் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், பெண்டாட்டியும் போய்விட்டாள், குடியிருப்பது கம்பெனி வீடு. மூக்கும் போனதென்று எப்படிச் சொல்வார்? அடைப்பான் இறுக்கமாக இருந்தால் நல்லது, திறந்து கிடந்தால் கெட்டது என்று குத்துமதிப்பாக ஓட்டினார். பயத்தில் சிலுவைகள் பெருகின.

"என்ன ஜேபஸ், கண்டதுக்கெல்லாம் சிலுவை போடுற? இதென்ன பீப்பாய்க் கொட்டடியா, கல்லறையா?" என்று பீப்பாய் செய்கிறவர்கள் கிண்டலடித்தார்கள். ரோஷம் வந்து சிலுவையைக் குறைத்தார். அவர் கெட்ட நேரம், அந்தக் கோடையில் பக்கத்து நகரமான டார்பிக்குப் போன பீர் வண்டி வண்டியாகப் புளித்துத் திரும்பிவந்தது.

ஜேபஸை யாரும் சந்தேகப்படவே இல்லை. அவர் மூக்கு தப்பு பண்ணாது என்பது அங்கே வேதவாக்கு. அப்படியானால் நீராவிதான் சரியாகக் காட்டவில்லை என்று முடிவு கட்டி, ஈனக்கின் சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள். அவன் இருந்ததும் கம்பெனி வீடுதான்; சனிக்கிழமைக்குள் அதையும் காலி செய்யச் சொன்னார்கள். எடித் போனதிலிருந்து ஜேபஸுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அந்த வீட்டில்தான். அவருக்கென்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு அடுப்படி.

அப்படியும் வாயைத் திறக்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது. எனக்கு அதில்தான் ஆத்திரம். வெள்ளிக்கிழமை காலையில் கொட்டடி மேலாளர் பிளிம்மர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, ஈனக் மேல தப்பில்ல. எனக்கு மூக்கு செத்துப்போச்சு. காய்ச்சலிலேயே போச்சு."

பிளிம்மர் சிரித்தார். "சிநேகிதனுக்காக மூக்கையே அறுத்துக் குடுக்குறியா? நல்ல ஆளுய்யா நீ."

"சத்தியமா ஐயா."

"அப்படியா? இப்பவே பாத்துரலாம்."

குளிர் எந்திரத்துக்கு ஊற்றும் அம்மோனியாவைக் கொண்டுவரச் சொல்லி, ஜேபஸின் மூக்குக்குக் கீழே நீட்டினார். ஜேபஸுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருமல் குலுக்கி எடுத்தது.

"பாத்தியா! போய் வேலையப் பாரு. இன்னொரு தரம் பொய் சொன்னே, உன்னையும் அனுப்பிடுவேன்."

வாசனையே தெரியாவிட்டாலும் அதன் எரிச்சலே போதும், செத்த மூக்குக்காரனையும் அம்மோனியா அழவைக்கும். அந்த விவரம் பிளிம்மருக்கும் தெரியாது, ஜேபஸுக்கும் தெரியாது. மூக்கு திரும்பிவிட்டதோ என்று அந்த மனுஷர் வெளியே ஓடி, முதலில் கண்ட பீப்பாய்க்குள் முகத்தைப் புதைத்தார். ஒன்றுமில்லை.

சாயங்காலம் ஈனக் வீட்டுக்குப் போனார். விஷயம் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஈனக் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காகப் பொய் சொன்னியாமேடா! கூடப் பொறந்தவன் செய்வானா இத?"

"பொய்யில்லடா ஈனக். நெசமாவே எனக்கு மணக்கல."

"சரி சரி, அவங்ககிட்டச் சொன்னது போதும். என்கிட்டயுமா?" என்று சிரித்துவிட்டு, சாமான் ஏற்றத் தள்ளுவண்டி கேட்டு வரப் பக்கத்துத் தெருவுக்குப் போனான்.

ஈனக்கின் மனைவி லெட்டி மாடியில் படுக்கைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஜேபஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் லெட்டி தடதடவென்று இறங்கி ஓடிவந்தாள்.

"ஐயோ, அடிப்பிடிச்சு வீடே நாறுது! பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு என்ன அண்ணே..."

அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்தாள். ஆட்டுக்கறியும் பார்லியும் கரியாகிக் கிடந்தன. மூடியைப் பிடித்தபடியே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நெசந்தானா?"

"நெசந்தான் லெட்டி."

"எப்பலேருந்து?"

"எடித்த எடுத்துக்கிட்டுப் போன அன்னைலேருந்து."

"அன்னைக்கு உங்க கையப் புடிச்சுக்கிட்டு நின்னவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க வீட்டுக்காரரே உங்களுக்காகவும் மோந்து பாத்திருப்பாரே."

ஜேபஸுக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் வர்றதுக்குள்ள கிளம்புங்க. இனிமே எங்களத் தேடி வராதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

வாசலில் தள்ளுவண்டியோடு ஈனக் எதிரே வந்தான். "சாப்பிடாம எங்கடா போற?" என்றான். ஜேபஸ் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். "உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான்டா!" என்று தெருவே கேட்கும்படி அவன் கத்தினான்.

திங்கட்கிழமை நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் புது ஆள் நின்றான். போரிலிருந்து திரும்பியவன், மூன்று பிள்ளைகள். முதல் பீப்பாய் வந்தது. ஜேபஸ் குனிந்து மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"நல்லதுதானே அண்ணே?" என்றான் புது ஆள்.

"நல்லது" என்று சொல்லி அவனிடம் உருட்டிவிட்டார்.